தண்ணீரில் போனவன்

கட்டடத்தில் அவருக்கு ஆட்கள் வைத்திருந்த பெயர் ரசமட்டம். தளம் மட்டமாக இருக்கிறதா என்று பார்க்கிற அந்தக் கருவியில், கண்ணாடிக் குழாய்க்குள் ஒரு குமிழி இருக்கும். அது நடுவில் வந்து நின்றால்தான் வேலை சரி. மேற்பார்வையாளரும் அப்படித்தான். குமிழி நடுவுக்கு வராமல் அடுத்த வரிசைக் கல்லை வைக்க விடமாட்டார். "ரசமட்டம் வருது" என்று கீழ்த்தளத்தில் யாராவது முணுமுணுத்தால் மேல்தளம் வரைக்கும் முதுகுகள் நிமிரும். பெயர் அவர் காதுக்கும் எட்டியிருந்தது. பிடித்தும் இருந்தது. அதை வெளியே காட்டிக்கொண்டால் மரியாதை என்னாவது என்று நினைத்து, காதில் விழாதவர் போலவே நடந்துகொண்டார்.

அவர் பிறந்து வளர்ந்ததெல்லாம் கூட்டத்தில். வெளியே இருப்பவர்கள் அந்த மார்க்கத்துக்கு நீளமான ஒரு பெயர் சொல்வார்கள். உள்ளே இருப்பவர்களுக்கு அது வெறும் கூட்டம். அங்கே பாட்டு கிடையாது. வீட்டில் உள்ளங்கையைவிடப் பெரிய முகக்கண்ணாடி கிடையாது. பொய் கிடையவே கிடையாது. விட்டுப் போனவர்களோடு பேச்சும் இல்லை, போக்குவரத்தும் இல்லை.

வருடத்துக்கு ஒருமுறை எச்சரிக்கை நாள் வரும். விட்டுப் போனவர்களின் வீட்டார் அன்றைக்கு எழுந்து நின்று, போனவர் கதி என்னாயிற்று என்று சபையறியச் சொல்ல வேண்டும். ஒருவன் குடித்துக் குடல் வெந்து செத்தான். ஒருத்தி புருஷன் மாற்றிப் புருஷன் கட்டித் தெருவில் நின்றாள். கூட்டத்தை நடத்துகிற நெறியாளரின் மூத்த மகனே தண்ணீரில் போனான், உடல்கூடக் கிடைக்கவில்லை. இளவட்டங்கள் இதையெல்லாம் வாய் பிளந்து கேட்டுவிட்டு, வீட்டுக்குப் போய் ஒழுங்காக இருக்கும்.

மேற்பார்வையாளரின் மூத்த மகளும் விட்டுப் போனவள்தான். ஓடிப் போகவில்லை, எவனோடும் போகவில்லை. ஒருநாள் சாப்பாடு முடிந்ததும் கை கழுவிவிட்டு வந்து அவர் முன்னால் நின்றாள்.

"அப்பா, எனக்கு நம்பிக்கை இல்ல. நம்பிக்கை இருக்கற மாதிரி அங்க போய் உக்காந்திருக்கேன். அது பொய்தானே?"

அவர் யோசித்துப் பார்த்தார். பொய்தான். வேறு பதில் அகப்படவில்லை. "அப்போ போ" என்றார். அவள் போனாள். அதற்குப் பிறகு அவள் பேச்சை அவர் எடுக்கவில்லை, வீட்டில் யாரும் எடுத்ததாகவும் அவருக்குத் தெரியவில்லை. முன் வரிசையில் அவருக்கிருந்த இடம் மட்டும் பத்திரமாக இருந்தது. மகளைத் தயங்காமல் அனுப்பியவர் என்று பெயரே கொஞ்சம் கூடியிருந்தது.

இப்போது இளையவளுக்கு இடம் பார்த்தாயிற்று. மாப்பிள்ளை நெறியாளரின் இரண்டாவது பையன். இதைவிடப் பெரிய சம்பந்தம் கூட்டத்தில் கிடையாது. இளையவளுக்கும் பையனைப் பிடித்திருந்தது. வாயால் சொல்லவில்லை. ஆனால் அவன் தெருவில் போகும்போதெல்லாம் வாசலில் உதறுவதற்கு ஏதாவது ஒரு துணி அவளிடம் இருந்தது.

நெறியாளருக்குப் பெயின்ட் கடை. கடையின் பின்கட்டில், அடுக்கி வைத்த டப்பாக்களுக்கு நடுவே ஸ்டூலைப் போட்டு மேற்பார்வையாளரை உட்கார வைத்தார்.

"எல்லாம் கூடி வருது சம்பந்தி. ஒரே ஒரு கறை இருக்கு. அதைத் துடைச்சிட்டா நாள் குறிச்சிடலாம்."

"என்ன கறை?"

"உங்க மூத்தவ. இதுவரைக்கும் எச்சரிக்கை நாள்ல அவளைப் பத்தி நீங்க ஒரு வார்த்தை பேசல. மத்தவங்க கேக்கறாங்க, என்ன, இன்னும் உள்ளுக்குள்ள பாசமான்னு. இந்தத் தடவை எழுந்து நின்னு, அவ எப்படிக் கெட்டுப் போனான்னு சொல்லிடுங்க."

"எப்படிக் கெட்டான்னு எனக்குத் தெரியாதே."

"வெளிய போனவ எப்படிக் கெடுவாளோ அப்படித்தான் கெட்டிருப்பா. இதுல தெரிய என்ன இருக்கு?"

"பாக்காம சொன்னா பொய்யாயிடும்."

நெறியாளர் அவரை ஒரு நிமிடம் உற்றுப் பார்த்தார். கல் மாதிரி உட்கார்ந்திருந்த ஆளிடம் வாதம் எடுபடாது என்று தெரிந்தது. "சரி, போய்ப் பாத்துட்டே வாங்க. ஒரு நாளைக்கு அனுமதி தர்றேன். பாத்ததைச் சொல்லுங்க. நான் என்ன, இல்லாததையா சொல்லச் சொல்றேன்?"

அன்றைக்குச் சாப்பிடும்போது மேற்பார்வையாளர் பொதுவாக ஒரு வார்த்தை போட்டார். "மூத்தவ எங்க இருக்கான்னு எப்படிக் கண்டுபிடிக்கறது?"

"பெரிய பஸ் நிலையத்துக்குப் பின்னால நகராட்சி நீச்சல் குளம் இருக்கு. அங்கதான் வேலை பாக்கறா" என்றாள் மனைவி, குழம்புக் கரண்டியை எடுத்தபடி.

அவர் கை தட்டிலேயே நின்றது. உனக்கு எப்படித் தெரியும் என்று கேட்க வாயெடுத்தவர், கேட்காமல் விட்டார். அந்த வீட்டில் கேள்வி கேட்டால் உண்மையான பதில் வந்துவிடும். அதைத் தெரிந்துகொண்டு என்ன செய்வது என்று முதலில் முடிவு செய்ய வேண்டும். தண்ணீரைக் குடித்துவிட்டு எழுந்துவிட்டார்.

இளையவள் பாத்திரம் எடுக்க வந்தாள். "அப்பா, நீங்க பேசிடுவீங்கல்ல?"

"பாத்ததைப் பேசுவேன்."

"பேசினாத்தானே…" என்று ஆரம்பித்தவள் நிறுத்திக்கொண்டாள். மிச்சத்தைச் சொல்ல வேண்டிய அவசியம் இல்லை.

மறுநாள் கிளம்பும்போது மனைவி பையில் இரண்டு துண்டுகளை மடித்து வைத்தாள். புதுத் துண்டுகள்.

"எதுக்கு ரெண்டு?"

"ஒண்ணு நனைஞ்சா இன்னொண்ணு."

"வானம் வெறிச்சுக் கிடக்கு. எதுல நனையப் போறேன்?"

"இருக்கட்டும்ங்க. துண்டு என்ன சோறா கேக்குது" என்று பையைக் கையில் கொடுத்துவிட்டாள்.

பஸ் கால்வாய்ப் பாலத்தின் மேல் ஊர்ந்தது. பாலத்தைப் பார்த்ததும் அவருக்கு நெறியாளர் வீட்டம்மாவின் நினைவு வந்தது. மகன் தண்ணீரில் போனான் என்று கேட்ட நாளிலிருந்து அந்த அம்மாள் பாலத்தில் கால் வைத்ததில்லை. பாலத்துக்குப் பக்கத்தில்தான் இப்போது அவருடைய கட்டட வேலை. கையில் காய்கறிப் பையோடு அந்த அம்மாள் பாலத்தடி வரை வந்து, தண்ணீரைப் பார்க்காமல் திரும்பி, கால்வாய் தரைக்கடியில் ஓடுகிற மில் பக்கமாகச் சுற்றிக்கொண்டு மறுகரைக்குப் போவதை அவர் பலமுறை பார்த்திருக்கிறார்.

நீச்சல் குளத்தின் சீட்டு ஜன்னலில் இருந்தவள் அவருடைய வெள்ளைச் சட்டையையும், கழுத்து வரை போட்ட பொத்தானையும் ஏற இறங்கப் பார்த்தாள். "குளிக்கவா, பாக்கவா?"

"பாக்க."

"பாக்கறதுக்குச் சீட்டு வேண்டாம். அந்தப் படியில ஏறுங்க."

மேலே நீளமான ஒரு மாடம். அதன் முழு நீளத்துக்கும் கண்ணாடிச் சுவர். கீழே நீலத் தண்ணீர். குளோரின் நெடி மூக்கில் ஏறியது. எந்த இடத்துக்குப் போனாலும் செய்கிற வேலையை முதலில் செய்தார்: ஓடுகள் பதித்த சுவரை விரல் முட்டியால் தட்டிப் பார்த்தார். இரண்டு ஓடுகள் பொக்கென்று ஒலித்தன. மற்றவை பரவாயில்லை.

பிறகுதான் கீழே பார்த்தார். இடுப்பளவு தண்ணீரில் மகள் நின்றுகொண்டிருந்தாள். கறுப்பு நீச்சலுடை, முழங்கை வரை கை, முழங்கால் வரை கால். கூட்டத்துப் பெண்கள் தலையை மூடியிருக்க வேண்டும் என்பது விதி. தலை மூடித்தான் இருந்தது, ரப்பர் தொப்பியால். இதை எந்தக் கணக்கில் சேர்ப்பது என்று அவருக்குப் புரியவில்லை. முகம் சூடேறியது. பெற்ற மகளை இப்படி ஈரத்தோடு, கண்ணாடிக்கு அந்தப் பக்கம், வந்தவன் போனவன் எல்லாம் பார்க்கிற இடத்தில் பார்க்க வேண்டியிருக்கிறதே என்று பல்லைக் கடித்துக்கொண்டு நின்றார். ஆனால் பார்க்க வந்தவர் பார்த்துத்தானே ஆக வேண்டும்.

அவளைச் சுற்றிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு வயதான பெண்கள் சிலர். கனத்த உடம்புக்காரி ஒருத்தியை மல்லாத்திப் படுக்க வைத்து, முதுகுக்கடியில் கை கொடுத்திருந்தாள். கண்ணாடியின் மேல்பகுதி திறந்திருந்ததால் பேச்சு தெளிவாகக் கேட்டது.

"விட்டுடாத டீச்சர். எனக்குப் பேரப் பிள்ளைங்க இருக்கு."

"அவங்களையும் கூட்டிட்டு வாங்க, கத்துத் தர்றேன். கழுத்தை ஏன் விறைப்பா வெச்சிருக்கீங்க? தலையணையில போடற மாதிரி போடுங்க."

"தலையணை இப்படியா வாய்க்குள்ள வரும்?"

கம்பியில் தொங்கியவர்கள் சிரித்தார்கள். மகளும் சிரித்தாள். "இப்போ கையை எடுக்கப் போறேன். சொல்லிட்டுத்தான் எடுப்பேன். எடுக்கட்டுமா?"

"வேண்டாம்."

"சரி, எடுக்கல."

இதுவே திரும்பத் திரும்ப நடந்தது. மேற்பார்வையாளருக்கே கால் கடுத்துவிட்டது.

"வேற வாத்தியாரா இருந்தா எப்பவோ விட்டிருப்பார்" என்று பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. கையில் ஸ்பேனரும் எண்ணெய்த் துணியுமாக ஒரு ஆள். "எல்லாரும் 'பிடிச்சிருக்கேன், பிடிச்சிருக்கேன்'னு சொல்லிக்கிட்டே கையை எடுத்துடுவாங்க. ஆளும் மிதந்துடும். இந்த அம்மா மட்டும் மாட்டாங்க. சொல்லாம எடுத்தா பொய்யாம். அதனால இவங்ககிட்ட கத்துக்க நாளாகும். ஆனா இவங்ககிட்ட வந்தவங்க யாரும் பாதியில நின்னதில்ல."

மேற்பார்வையாளர் திரும்பினார். அந்த ஆள் அவர் முகத்தைப் பார்த்துச் சட்டென்று துணியைத் தோளில் போட்டுக்கொண்டு கும்பிட்டான். "மாமா, நீங்களா?"

நெற்றியிலிருந்த தழும்பைப் பார்த்தபிறகுதான் அவருக்கு ஆள் அடையாளம் தெரிந்தது. சின்ன வயதில் பெயின்ட் கடை ஏணியிலிருந்து விழுந்த தழும்பு. நெறியாளரின் மூத்த மகன். தண்ணீரில் போனவன்.

அவர் பக்கத்திலிருந்த பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். வெளியில் உட்காரும்போது முதுகைச் சாய்க்காதவர், அன்றைக்குச் சாய்ந்துகொண்டார்.

"நீ செத்துட்டன்னு உங்கப்பா சொன்னார்."

"அப்படியா?" அவன் ஸ்பேனரைக் கீழே வைத்தான். "எப்படிச் செத்தேனாம்?"

"தண்ணியில."

அவன் கீழே நீலமாகக் கிடந்த குளத்தைப் பார்த்தான். அதன் மோட்டாரும் வடிகட்டியும் அவன் பொறுப்பு. தண்ணீர் கலங்கினால் முதலில் அவனைத்தான் கூப்பிடுவார்கள். அவனுக்குச் சிரிப்பு பொங்கிக்கொண்டு வந்தது. "அப்பா எதுலயும் சிக்கனம்தான். ஆஸ்பத்திரிச் செலவு இல்லாத சாவா பாத்துச் சொல்லியிருக்கார்."

"உடம்பு கிடைக்கலன்னார்."

"அதுலயும் மிச்சம்." சிரித்துக்கொண்டிருந்தவன் சட்டென்று நிறுத்தினான். "மாமா, அது அங்க எல்லாருக்கும் சும்மா சொல்றதுதானே? அம்மாவுக்குத் தெரியும்ல?"

மேற்பார்வையாளர் பாலத்தடியில் திரும்பி நடக்கிற அந்த அம்மாளை நினைத்தார். பதில் சொல்லாமல் இருந்துவிடலாம். கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லாமல் இருப்பது பொய்யில் சேராது என்று கூட்டத்திலேயே சிலர் சொல்வதுண்டு. அவர் அந்தக் கட்சியில்லை.

"தெரியாது. அவங்களும் நம்பறாங்க."

அவன் எண்ணெய்த் துணியை எடுத்துக் கையைத் துடைத்தான். சுத்தமாக இருந்த கையை ரொம்ப நேரம் துடைத்தான். "எனக்கு ஒரு போன் வராதான்னு நான் அவங்க மேல கோவமா இருந்தேன்" என்றான்.

வகுப்பு முடிந்ததும் மகள் அவரைக் கூட்டிப்போன அறை குளத்துக்குப் பின்தெருவில், மாடியில் இருந்தது. ஒரு நர்ஸோடு சேர்ந்து எடுத்த அறை. நர்ஸ் பகல் வேலைக்குப் போயிருந்தாள். இரண்டு கட்டில்கள், ஒரு அடுப்பு, ஜன்னலோரம் கொடியில் வரிசையாகத் துண்டுகள். அத்தனையும் ஒரே மாதிரி; அவர் பையிலிருந்ததும் அதே மாதிரி. மேற்பார்வையாளர் கொடியைப் பார்த்தார், பையைப் பார்த்தார், பிறகு பையைத் திறந்து இரண்டையும் கட்டிலின் மேல் வைத்தார்.

"அம்மாகிட்ட போதும்னு சொல்லுங்கப்பா. குளத்துலயே தர்றாங்க."

"எத்தனை நாளா நடக்குது இது?"

"ஆரம்பத்துலேர்ந்தே. அம்மா மறைக்கல. நீங்க கேக்கல."

சுவரில் ஆள் உயரக் கண்ணாடி ஒன்று மாட்டியிருந்தது. தன் உருவத்தை முழுதாக அவர் அதற்கு முன் பார்த்ததில்லை. கழுத்து வரை பொத்தான் போட்ட ஒரு ஆள் கண்ணாடிக்குள் விறைப்பாக நின்றிருந்தார். முதுகு இவ்வளவு நிமிர்ந்திருக்கும் என்று அவரே நினைத்ததில்லை. கொஞ்சம் அதிகம்தான் என்று பட்டது.

"கண்ணாடி கோணலா மாட்டியிருக்கு" என்றார்.

"தெரியும். உங்களைத்தான் நெனச்சுக்குவேன், ஒவ்வொரு தடவை பாக்கும்போதும்."

அவர் ஆணியைத் தளர்த்தி நேராக மாட்டிவிட்டு வந்து உட்கார்ந்தார். வந்த காரியத்தைச் சுற்றி வளைக்காமல் சொன்னார். எச்சரிக்கை நாள், நெறியாளர், இளையவளின் கல்யாணம், எல்லாவற்றையும் சொன்னார். மகள் குறுக்கே பேசாமல் கேட்டாள்.

"அப்போ நான் கெட்டுப் போயிருக்கேனான்னு பாக்க வந்திருக்கீங்க."

"ஆமா."

"கேளுங்க."

அவர் கேட்டார். குடிக்கிறாயா என்று கேட்டார். ஒரு கல்யாணத்தில் ஒருமுறை குடித்துப் பார்த்தேன், பிடிக்கவில்லை என்றாள். யாரோடாவது பழக்கமா என்று கேட்டார். ஒருத்தர் இருந்தார், ஒத்து வரவில்லை, இப்போது யாரும் இல்லை என்றாள். அந்தப் பதில் அவருக்குப் பிடிக்கவில்லை. ஆனால் கேட்டது அவர்தான். திருடினாயா, யாரையாவது ஏமாற்றினாயா என்று கேட்டதற்கு அவள் அவரைப் பார்த்த பார்வையில் அந்தக் கேள்வியை அவரே திரும்ப எடுத்துக்கொண்டார்.

"சந்தோஷமா இருக்கியா?"

"சில நாள் இருக்கேன். ஞாயித்துக்கிழமை சாயங்காலம் ரொம்பக் கஷ்டமா இருக்கும், எல்லாரும் கூட்டத்துலேர்ந்து பேசிக்கிட்டே நடந்து வர்ற நேரம். அங்க இருந்தப்போ எல்லா நாளும் சந்தோஷமா இருக்கணும்னு விதி. இங்க அந்தத் தொல்லை இல்ல."

"ஏன் தண்ணியில போய் வேலை தேடின? வேற வேலையா இல்ல?"

"வருஷா வருஷம் எச்சரிக்கை நாள்ல யாராவது ஒருத்தர் தண்ணியில செத்துக்கிட்டே இருந்தாங்களேப்பா. வெளிய வந்ததும் முதல் வேலையா நீச்சல் கத்துக்கிட்டேன். நானும் அந்த வரிசையில சேர்ந்துடக் கூடாதுன்னு."

அவருக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டார். அடக்கியதை அவள் பார்த்துவிட்டாள்.

"நீங்களும் கூட்டத்தை விட்டுடலாம்ப்பா."

"எனக்கு அது சரியா இருக்கு" என்றார் அவர். உண்மையில் அப்படித்தான் இருந்தது. எழுந்து செருப்பைப் போட்டவர், வாசற்படியில் நின்று, "அந்தப் படுத்திருந்த அம்மா மிதந்தாங்களா கடைசியில?" என்று கேட்டார்.

"இல்ல. அடுத்த வாரம் மிதப்பாங்க."

ஊர் திரும்பியதும் நேராகப் பெயின்ட் கடைக்குப் போனார். நெறியாளர் பின்கட்டுக் கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தார்.

"என்ன பாத்தீங்க?"

"நீச்சல் சொல்லிக் குடுக்கறா."

"போதும்." நெறியாளரின் முகம் மலர்ந்தது. "அதே போதும். ஈரத் துணியோட ஊர் பாக்க நிக்கறா. இந்த ஒரு வரியைச் சொல்லிட்டு உக்காந்துடுங்க. இதுல பொய் எங்க இருக்கு? உங்க கண்ணால பாத்ததுதானே?"

"ஒரு மூலையில மட்டம் வெச்சுப் பாத்துட்டுத் தளம் பூரா இப்படித்தான்னு எழுதிக் குடுக்கற ஆளை நான் வேலையை விட்டு அனுப்பியிருக்கேன்."

"இது கட்டடம் இல்ல சம்பந்தி. குடும்பம்."

"உங்க பெரிய பையனைப் பாத்தேன்."

நெறியாளர் பக்கத்திலிருந்த டப்பாவின் மூடியை அழுத்தி மூடினார். ஏற்கெனவே மூடியிருந்த டப்பா. அவர் முகத்தில் பயமோ வெட்கமோ வரவில்லை. களைப்பு மட்டும் தெரிந்தது.

"நம்மளைப் பொறுத்தவரைக்கும் அவன் போனவன்தான். அதனால அதைப் பொய்னு நான் நெனைக்கல."

"வீட்டம்மாவுக்கு?"

"அவளுக்கு உண்மையைச் சொல்லியிருந்தா தேடிப் போயிருப்பா. ஒருத்தரோட நிக்காது, அடுத்தவனும் பின்னாலயே போயிருப்பான். செத்தவனை யாரும் தேடிப் போக மாட்டாங்க. இருக்கற குடும்பத்தைக் காப்பாத்தினேன்." பிறகு குரலை இறக்கினார். "நீங்களும் உங்களுதைக் காப்பாத்துங்க. சின்னப் பொண்ணு ஆசைப்படுது. என் பையனும்தான்."

மேற்பார்வையாளர் வீட்டுக்கு நடந்தார். வாசலில் இளையவள் துணி உதறிக்கொண்டிருந்தாள். அவர் முகத்தைப் பார்த்ததும் உதறுவதை நிறுத்தினாள்.

எச்சரிக்கை நாளில் மண்டபம் நிரம்பியிருந்தது. ஆண்கள் இடப்பக்கம், பெண்கள் வலப்பக்கம். பெண்கள் பகுதியில் முதல் தூணோரம் நெறியாளர் வீட்டம்மா. இரண்டு பேர் எழுந்து வழக்கமான கதிகளைச் சொல்லிவிட்டு உட்கார்ந்தார்கள். முன்பெல்லாம் இவற்றைக் கேட்டுத் தலையாட்டிய மேற்பார்வையாளர் இந்த முறை இருவர் முகத்தையும் ஓடு தட்டிப் பார்ப்பவர் மாதிரி பார்த்தார்.

நெறியாளர் அவர் பக்கம் கை காட்டினார். அவர் எழுந்தார்.

"என் மூத்த மகளைப் போய்ப் பாத்தேன்" என்றார். சபையில் பேசிப் பழக்கமில்லாதவர். கட்டடத்தில் வேலை ஒப்படைக்கிறபோது பேசுகிற தொனியே வந்தது. "நீச்சல் கத்துக் குடுக்கறா. அதுக்குண்டான உடுப்புல நிக்கறா. எனக்கு அது பிடிக்கல."

நெறியாளர் தலையசைத்தார். உட்காரலாம் என்பது போலக் கையைத் தாழ்த்தினார்.

"இன்னும் முடியல" என்றார் மேற்பார்வையாளர். "ஒருத்தரோட பழகிப் பிரிஞ்சிருக்கா. அதுவும் எனக்குப் பிடிக்கல. குடி இல்ல. களவு இல்ல. பொய் இல்ல. தண்ணியில ஒருத்தரைத் தாங்கிப் பிடிக்கும்போது, சொல்லாம கையை எடுக்கறதில்ல. நான் தேடிப் போனது கெட்டுப் போன மகளை. அங்க அப்படி யாரும் இல்ல. அவ எல்லா நாளும் சந்தோஷமாவும் இல்ல. அதை என் வீட்டுலயும் பாத்திருக்கேன்."

மண்டபத்தில் யாரோ தொண்டையைச் செருமினார்கள். பெண்கள் பக்கம் இளையவள் தலை குனிந்துகொண்டாள். மனைவி மட்டும் நேராகப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பாத்ததைச் சொல்லணும்னா எல்லாத்தையும் சொல்லணும். அந்தக் குளத்துல மோட்டாரைப் பாத்துக்கற ஆளையும் பாத்தேன். நெத்தியில தழும்பு இருக்கு. இந்த மண்டபத்துல அவன் தண்ணியில போயிட்டதா சொன்னாங்க. போகல."

நெறியாளர் எழுந்தார். அந்த மண்டபத்தில் பெண்கள் வாய் திறப்பதில்லை. யாரும் தடுத்ததாக நினைவில்லை, திறந்ததாகவும் நினைவில்லை. தூணோரம் இருந்த அம்மாள் தூணைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள்.

"இளைச்சிருக்கானா?" என்று கேட்டாள்.

"இல்லம்மா. கொஞ்சம் தொப்பை போட்டிருக்கான்."

அம்மாள் அப்படியே நின்றாள். பிறகு உட்கார்ந்தாள். அன்றைக்கு அதற்குப் பிறகு எழுந்து பேச ஒருவரும் முன்வரவில்லை.

சம்பந்தம் முறிந்தது. நெறியாளர் நேரில் வரவில்லை, ஆள் விட்டுச் சொல்லி அனுப்பினார். முன் வரிசையில் மேற்பார்வையாளரின் இடத்தில் வேறொருவர் உட்கார்ந்தார். அவர் கடைசி வரிசைக்குப் போய், அங்கேயும் முதுகைச் சாய்க்காமல் உட்கார்ந்தார். ஒரு வாரம்கூடத் தவறவில்லை. தெருவில் பாதிப் பேர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். மகளைத் தயங்காமல் அனுப்பியதில் கிடைத்த பெயர் போய்விட்டது. அதை இழந்ததில் அவருக்கு ஒன்றும் குறைந்த மாதிரி இல்லை. என் வீட்டில் மூன்று பெண்கள், மூன்று பேருக்கும் பொய் சொல்ல வராது, எந்த வரிசையில் உட்கார்ந்தால் என்ன என்று மனைவியிடம் மட்டும் ஒருமுறை சொன்னார். "உங்களுக்கு வருமாக்கும்" என்றாள் அவள்.

இளையவள்தான் பேசவில்லை. சாப்பாடு வைப்பாள், தண்ணீர் வைப்பாள், முகம் பார்க்க மாட்டாள். அதை அவர் சரி செய்ய முயலவில்லை. அவளுக்குக் கோபப்பட உரிமை இருந்தது. வாசலில் துணி உதறுவது நின்றுபோயிருந்தது.

ஒரு காலை அவர் வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தபோது வாசலில் நெறியாளர் வீட்டம்மா நின்றாள். கையில் ஒரு பை. வெளியூருக்குப் போகிறவர்கள் உடுத்துகிற மாதிரி உடுத்தியிருந்தாள். அவளுக்குப் பின்னால், கொஞ்சம் தள்ளி, அவளுடைய இரண்டாவது பையன் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

"அவருக்குத் தெரியுமா?" என்று மனைவி கேட்டாள்.

"சொல்லிட்டுத்தான் வந்தேன். அவர் ஒண்ணும் சொல்லல." அம்மாள் மேற்பார்வையாளரைப் பார்த்தாள். "எந்த பஸ்ஸுல ஏறணும்?"

அவர் சொன்னார். எந்த நிறுத்தம், எந்தப் பக்கம் நிற்க வேண்டும், பெரிய பஸ் நிலையத்தில் இறங்கி எந்த வாசல் வழியாக வெளியே வர வேண்டும், சீட்டு ஜன்னலில் என்ன கேட்பார்கள், என்ன சொல்ல வேண்டும், எல்லாவற்றையும் வேலை ஒப்படைக்கிற முறையில் சொன்னார். சொல்லி முடித்தபிறகு ஒன்று நினைவுக்கு வந்தது. சொல்லாமல் விடவும் முடியாது.

"அந்த பஸ் பாலத்து வழியாத்தாம்மா போகும். பஸ்ஸுக்கு வேற வழி இல்ல."

அம்மாள் பையை மறு கைக்கு மாற்றிக்கொண்டாள்.

"போகட்டும்" என்றாள்.

உள்ளேயிருந்து இளையவள் ஒரு செம்பில் தண்ணீர் கொண்டுவந்து அந்த அம்மாளிடம் கொடுத்தாள். அவள் குடித்து முடிக்கும்வரை நின்று, செம்பைத் திரும்ப வாங்கினாள். பிறகு அந்தப் பையனுக்கு ஒரு செம்பு எடுத்து வர உள்ளே போனாள்.